தொக்கோ ஐயாவின் விருந்தோம்பல்

கொரியாவின் மொக்போ நகரில் முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர் தொக்கோ சன்பே. கையைக் காட்டிய ஒருவரையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போனதில்லை என்று பெருமையடிப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

புற்றுநோய் என்று இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு கரண்டிக் கஞ்சிக்கு மேல் இறங்காது. எடை நாற்பத்தெட்டு கிலோ. ஐம்பதைத் தொட்டால்தான் அடுத்த மருந்து ஏற்றுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சியோலில் இருக்கும் மகள் மிரான், எதில் புரதம் அதிகம், எதில் சர்க்கரை குறைவு என்று லேபிள் லேபிளாகப் படித்து, கறுப்பு எள் போட்ட சத்துப் பானத்தைத் தேர்ந்தெடுத்துப் பெட்டி பெட்டியாக அனுப்பினாள். ஒரு நாளைக்கு நாலு டப்பா. குடிக்க வைப்பது, சம்பளத்துக்கு அவரைக் கவனித்துக்கொள்ள வந்த என் வேலை.

பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆரஞ்சுச் சாறுப் பெட்டி வரும். அதையே உடைத்துக் கொடுத்தால் என்ன? கூடாதாம்.

"அவன் கொண்டாந்ததையே அவனுக்குக் குடுத்தா நான் என்ன பிச்சைக்காரனா? எள்ளு டப்பாவை எடும்மா."

"ஐயா, அது உங்க மருந்து."

"மருந்துன்னா கசக்கும். எடு."

பழைய பஸ் கூட்டாளி பியோன் தினமும் மூன்று மணிக்கு ஆஜர். அவருக்கு முன்னால் அவர் தொப்பை உள்ளே வரும். "உங்களுக்குக் குறைஞ்சுடாதேண்ணே?" என்பார், இரண்டாவது டப்பாவைத் திறந்துகொண்டே.

"குடி, குடி. ரொம்ப இளைச்சுப் போயிட்ட."

எனக்கும் ஒன்று நீட்டுவார். மறுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சியும் வேண்டாம் என்பார். அதனால்தான் குடித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ருசியும் நன்றாகத்தான் இருந்தது. என் சட்டைப் பொத்தான் பூட்ட மறுத்தது. சாயங்காலம் மேசையில் நாலு காலி டப்பா நிற்கும். நர்ஸ் பார்த்துவிட்டு, 'முழுவதும் குடித்தார்' என்று எழுதிப் போவாள். நான் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எடை பார்த்தார்கள். நாற்பத்தாறரை.

டாக்டர் குறிப்பைப் புரட்டினார். "இவ்வளவு குடிச்சும் எடை இறங்குதுன்னா நோய் திரும்ப வந்திருக்கலாம். இந்த உடம்பு இனி மருந்தைத் தாங்காது. நிறுத்திடலாம். மகளை வரச் சொல்லுங்க."

பியோன் பக்கத்து நாற்காலியில், திறந்த டப்பாவோடு. தொக்கோ ஐயா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டாளி குடித்ததை அவன் முன்னாலேயே சொல்லிக்காட்டுவதைவிடச் செத்துப்போவது கௌரவம் என்று முடிவு கட்டிவிட்டார், மனிதர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

"அவரு குடிக்கவே இல்ல டாக்டர். வந்தவங்க குடிச்சாங்க. நானும்தான்."

டாக்டரின் பார்வை பியோன் கைக்குப் போனது. பியோன் டப்பாவை மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

அன்று சாயங்காலமே மூக்கில் குழாய் மாட்டி, அதே எள் பானத்தைப் பையில் ஊற்றித் தொங்கவிட்டார்கள். மானத்தை வாங்கிவிட்டேன் என்று ஐயா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பியோன் வந்தார், இரண்டு ஆரஞ்சுச் சாறுப் பெட்டிகளோடு. குனிந்த தலை நிமிரவில்லை. ஐயா விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"அவன் வந்து பத்து நிமிஷமாச்சு. வெறும் வாயோட உக்காந்திருக்கான்."

"அதுக்கு?"

அவர் கண் தலைக்கு மேலே தொங்கிய பைக்குப் போனது. "இதுல கொஞ்சம் இறக்கித் தர முடியுமான்னு நர்ஸைக் கேளேன்."

நான் பியோன் கொண்டுவந்த பெட்டியையே கிழித்து, ஒரு பாட்டிலை அவர் கையில் திணித்தேன். அவர் குடித்தார். தொக்கோ ஐயா அவமானம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை எடை நாற்பத்தேழரை.