இரட்டைத் தையல் போட்ட தூசிப் பை

தாராவியில் ஒரு மாடி அறைதான் எங்கள் பட்டறை. பெண்கள் தொழும்போது போடும் வெள்ளை மக்கனா தைக்கிறோம். துணி வெட்டுவது என் கணவர். மற்றதெல்லாம் நான்தான். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வெட்ட வெட்டப் பஞ்சுத் தூசி பறக்கும். அவருக்கு இளைப்பு வந்தபோது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: தூசியை விரட்டுங்கள், இல்லையென்றால் தொழிலை விடுங்கள். அன்று சாயங்காலமே மாஹிமில் ஒரு கடைக்குப் போய் வேக்குவம் கிளீனர் வாங்கி வந்தேன். உறிஞ்சும் தூசியெல்லாம் உள்ளே இருக்கும் காகிதப் பையில் போய்ச் சேரும். நிறைந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். அவருக்கும் மூச்சு லேசானது.

பிறகு மிஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சத்தம் மட்டும் ஊரைக் கூட்டியது. மேஜையில் கிடந்த ஒரு நூல்கூட அசையவில்லை. இளைப்பும் திரும்பி வந்தது. ஒருநாள் அவர் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

"ஏளா, மிஷினும் போச்சு, நானும் போயாச்சு. நெருள்ல அண்ணன் கடையில, கல்லாவுல போய் உக்காந்துக்கிடுதேன்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. கத்தரிக்கோல் இல்லாத அவர் கையை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"காலிபீலி, சும்மா ஒப்பாரி வைக்காதீங்க மச்சான்," என்று மிஷினைத் திறந்தேன்.

காகிதப் பை எப்போதோ கிழிந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட இந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை. தூசியைக் கொட்டிவிட்டு, உள்ளே லைனிங் துணியை இரண்டு மடிப்பாகக் கொடுத்து, இரட்டைத் தையல் போட்டு, மறுபடி மாட்டி வைத்திருக்கிறார். இந்த பம்பாயில் வேறு எந்த டெய்லராலும் அப்படித் தைக்க முடியாது. அவ்வளவு நறுவிசு, அவ்வளவு கெட்டி.

"இனி ஜென்மத்துக்கும் கிழியாது, பாத்துக்கோ," என்றார்.

மீந்து கிடந்த லைனிங் துண்டை இரண்டாக மடித்து அவர் மூக்கையும் வாயையும் பொத்தினேன். "இப்பம் மூச்சு விடுங்க."

உடனே தலையை உதறிக்கொண்டார்.

"மிஷினுக்கும் அப்படித்தான் இருக்கு. அது உறிஞ்சுத காத்து பை வழியா வெளிய போவாண்டாமா?" என்றேன்.

புதுப் பை மாட்டி சுவிட்சைப் போட்டேன். மேஜையில் கிடந்த நூலெல்லாம் குழாய்க்குள் போய்விட்டது. அவருடைய இஞ்சு டேப்பின் நுனியையும் இழுத்தது. நான்தான் பிடுங்கிக் காப்பாற்றினேன். அவர் சிரித்துவிட்டார். இளைப்பு அடங்கிக் கத்தரிக்கோல் அலமாரியிலிருந்து இறங்க ஒரு வாரம் ஆனது.

இப்போது முழுசாக நிறையும்வரை நான் காத்திருப்பதில்லை. இழுவை கொஞ்சம் குறைந்தாலே பையை மாற்றிவிடுகிறேன். இன்று காலையும் மாற்றினேன். வழக்கம்போல அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் ஒரு வாரம் ஓடும்லா?"

"ஓடும் மச்சான். ஆனா ஒங்க நெஞ்சுக்குள்ள இருக்குற பைக்கு மாத்து எந்தக் கடையிலயும் கிடைக்காதே. இதுக்குக் கிடைக்குதுல்லா."

அவர் குனிந்து அடுத்த துணியை வெட்ட ஆரம்பித்தார்.