மாப்பிள்ளைக்கு வைத்த இங்கிலீஷ் பரீட்சை

என் அக்காளைப் பெண் பார்க்க வந்தவருக்கு இங்கிலீஷில் பரீட்சை வைத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. அந்தக் காரியத்துக்கு வேண்டிய தகுதி எங்கள் ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் இருந்தது என்று நானும் நம்பினேன், என் அப்பாவும் நம்பினார். ஊரும் நம்பியிருக்கும். இல்லையென்று சொல்வதற்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டுமே.

பரமத்தி வேலூரை ஒட்டி, வாய்க்கால் தண்ணீரை நம்பி வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில்தான் இங்கிலீஷ் ஆரம்பிப்பார்கள். எங்கள் வாத்தியாருக்கும் இங்கிலீஷுக்கும் அப்படியொன்றும் நெருக்கம் கிடையாது. ஆனாலும் மனுஷர் கெட்டிக்காரர். இங்கிலீஷில் எத்தனை வார்த்தை இருந்தாலும் பாதிக்குமேல் 'இங்' என்கிற ஒரே வாலோடுதான் முடிகிறது என்று கண்டுபிடித்து, வால் ஒத்த வார்த்தைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி, கும்மிப் பாட்டு மெட்டில் எங்களைக் கத்த வைத்தார். கமிங், கோயிங், சிட்டிங், ஸ்டாண்டிங், ஈட்டிங், பீட்டிங், டெல்லிங், செல்லிங் என்று அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். முதலில் வாயில் ஏறட்டும், அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாயில் ஏறி முடிவதற்குள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அர்த்தம் தெரியாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. கோயிலில் மந்திரம் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் அர்த்தம் தெரிந்தா போட்டுக்கொள்கிறார்கள்?

சாயங்காலத்தில் அக்காள் வாசலில் கம்பு குத்துவாள். நான் பாடத்தைக் கத்துவதும் அந்த நேரத்தில்தான். கமிங்குக்கு ஒரு குத்து, கோயிங்குக்கு ஒரு குத்து என்று உலக்கையும் வார்த்தையும் சேர்ந்தே விழும். இப்படிக் குத்தினால் கை வலி தெரியவில்லை என்று அவளே என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பாள். நான் எங்காவது தடுமாறினால், உலக்கையை நிறுத்தாமலே அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். அதற்காக அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவளுக்கு அது எப்படித் தெரியும்?

அப்பாவுக்கு இங்கிலீஷ் பித்துப் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை வாய்க்காலைப் பார்வையிட வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவர் வந்தார். எங்கள் மடை இடிந்து கிடப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்பா காலையிலிருந்து வாய்க்கால் கரையில் நின்றார். துரை குதிரையை விட்டு இறங்கியதும் அப்பாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கும்பிட்டார், மறுபடியும் கும்பிட்டார். அதற்குள் பக்கத்து நிலத்துக்காரரின் வெளியூர் மருமகன் முன்னால் போய் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிவிட்டான். அந்தக் கோடையிலேயே அவர்கள் மடைக்குச் செங்கல் வந்து இறங்கியது. எங்கள் மடை இடிந்தபடியே கிடந்தது. அப்பா அம்மாவிடம் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்.

"நம்மூட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு இங்கிலீசு தெரியோணும். நெலம் நீச்சு நம்மகிட்டயே இருக்குது."

முதலில் வந்தவர் சேலத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவர், எங்களுக்குத் தூரத்து உறவு. சம்சாரம் தவறிப்போய், வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தன. மூத்த பெண் அக்காளின் தோளுக்கு வளர்ந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் அப்பாவிடம் மூச்சு விடாமல் இங்கிலீஷ் பேசினார். அப்பாவுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனந்தத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்தவர் எனக்குப் பெப்பர்மிட்டு கொடுத்தார், அதனால் நானும் அவர் கட்சிதான். அவர் போன பிறகு அக்காள் கம்பு குத்த ஆரம்பித்தாள். வேண்டிய மட்டும் குத்தி முடித்தும் உலக்கையைக் கீழே வைக்கவில்லை. அன்றைக்கு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, போய் விளையாடு என்று விரட்டிவிட்டாள்.

அம்மாதான் மெதுவாகப் பேச்செடுத்தாள். "பரமத்திப் பக்கம் இன்னொரு எடம் சொன்னாங்களே, அதையும் ஒருக்காப் பாத்துப்போட்டு முடிவு பண்ணலாமுங்க."

"வரட்டும்" என்றார் அப்பா. "இங்கிலீசு தெரிஞ்சாச் செரி. இல்லீனா அடுத்த நாளே சேலத்துக்குச் சொல்லி உட்ருவேன்."

வந்தவர் எங்களைப் போலவே கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. நாமக்கல்லில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரை படித்தவர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் பெரியவர்கள் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். அவர் மாடுகளை அவிழ்த்துத் தொட்டிக்கு ஓட்டிப் போய், அவை குடித்து முடிக்கிற வரைக்கும் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் தன் முகத்தைக் கழுவினார். இங்கிலீஷ் படித்தவர் செய்கிற வேலையா இது என்று நான் அப்போதே மனசுக்குள் மார்க்கைக் குறைத்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் அக்காளின் தலை தெரிந்தது. எண்ணெயில் கிடக்கிற வெல்லக் கச்சாயம் கருகுகிறது என்று அம்மா அதட்டுகிற வரைக்கும் அந்தத் தலை நகரவில்லை.

வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்காள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கும்பிட்டு, உள்ளே போய்விட்டாள். பெண் செய்ய வேண்டியது அவ்வளவுதான். பிடித்திருக்கிறதா என்று பெண்ணை யாரும் கேட்பதில்லை. கேட்காதபோது சொல்வதற்கும் வழியில்லை. நடுவில் வெற்றிலைத் தட்டு இருந்தது. பேச்சு முடிந்து, அப்பா அந்தத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினால் சம்மதம் என்று அர்த்தம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார்: "அவரு பதில் வராம நின்னுட்டார்னா எனக்குச் சாடை காட்டு."

"மாப்பிள்ளே, நம்ம பையன் நாலாவது படிக்கறான்" என்று அப்பா ஆரம்பித்தார். "அவங்கூட ரண்டு வார்த்தை இங்கிலீசுல பேசுங்க. காதுல கேக்கோணும்னு எங்களுக்கு ஒரு ஆசை."

மாப்பிள்ளையின் முகம் கொடிக்காலில் வாடிய இலை மாதிரி ஆயிற்று. மூன்றாம் பாரத்தில் அவர் இருந்ததே சொற்ப காலம்தான், அதுவும் எந்தக் காலத்திலேயோ, என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "நீயே ஆரம்பி சாமி" என்றார்.

நான் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "கமிங்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். என் சரக்கு இன்னதென்று அவருக்கு விளங்கிவிட்டது போலிருக்கிறது, முகம் தெளிந்தது. "கோயிங்" என்றார்.

"சிட்டிங்."

"ஸ்டாண்டிங்."

ஆசாரத்தில் இருந்த தலைகளெல்லாம் என் பக்கமும் அவர் பக்கமும் மாறி மாறித் திரும்பின. அப்பாவுக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. "கோர்ட்டுல வக்கீலுங்க பேசறாப்பலயே இருக்குதுங்க" என்று மாப்பிள்ளையின் தாயார் யாரிடமோ சொன்னார். ஈட்டிங் போயிற்று, ரீடிங் வந்தது. வாஷிங் போயிற்று, ரன்னிங் வந்தது. வரவர அவர் பதிலுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். என்னிடம் இன்னும் ஒரு மூட்டை பாக்கி இருந்தது.

"பம்பிங்" என்றேன்.

அவர் மேற்கூரையைப் பார்த்தார். "ரன்னிங்" என்றார்.

"அது முன்னயே சொல்லியாச்சுங்க மாமா."

"ரீடிங்."

"அதுவுந்தானுங்க."

மாப்பிள்ளை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இதற்குள் அப்பாவின் பூரிப்பு வடிந்து போயிருந்தது. எதிராளி நின்றுவிட்டார் என்று நான் புருவத்தைத் தூக்கிச் சாடை காட்டினேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை பிறகு எந்தப் பரீட்சையில் தேறியபோதும் இருந்ததில்லை. அப்பாவின் கை மெதுவாக நீண்டு, வெற்றிலைத் தட்டைத் தன் பக்கமாக இழுக்கத் தொடங்கியது.

"ஜம்பிங்."

சமையலறையிலிருந்து வந்தது குரல். உலக்கையை நிறுத்தாமல் எடுத்துக் கொடுப்பாளே, அதே குரல். அதில் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை.

"ஜம்பிங்" என்றார் மாப்பிள்ளை உடனே. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை; சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் துள்ளி எழுந்தேன். "அப்பா, அக்கா சொல்லிக் குடுத்துட்டா. இது செல்லாதுங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடுப்படில இருக்கறவளுக்கு ஏதுடா இங்கிலீசு?"

"எண்ணெய் தெறிச்சுதுங்க, அதான் என்னமோ சத்தம் போட்டா" என்று அம்மா கதவோரத்திலிருந்து சொன்னாள். அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் சாமி மேல் சத்தியம் பண்ணினேன். கம்பு குத்துகிற கதையைச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. உலக்கை பிடிக்கிற பெண் இங்கிலீஷ் பேசினாள் என்பதை நம்புவதைவிட, பையனுக்குத் தோற்றுப்போகப் பயம் என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. மாப்பிள்ளை பலகாரத் தட்டில் இருந்த கச்சாயத்தை எடுத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"செரி, இப்ப உன்ற மொறை. சொல்லு" என்றார் அப்பா.

கோபத்தில் மூட்டையில் இருந்த அத்தனை வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"பையன் தோத்துட்டான்" என்று அப்பா சந்தோஷமாக அறிவித்துவிட்டு, வெற்றிலைத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

அதன் பிறகு நான் அக்காளோடு பேசவில்லை. கூடப் பிறந்த தம்பி வெற்றி வாசலில் நிற்கும்போது, முன்பின் தெரியாதவனுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தவள் அவள். அவள் சாயங்காலம் கம்பு குத்தக் கூப்பிட்டபோதெல்லாம் கொடிக்காலுக்கு ஓடிப்போனேன். தனியாகக் குத்துகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும். உலக்கையோடு அவள் மெல்ல எதையோ பாடுவதும் கேட்கும். கேட்காதது போல இருந்துவிடுவேன். கல்யாணத்தில் மச்சினன் செய்ய வேண்டிய சீர் எல்லாவற்றையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தேன்.

மறுநாள் அவளை அனுப்பிவைக்க வண்டி பூட்டினார்கள். ஏறுவதற்கு முன்னால் அக்காள் என்னை வண்டிக்குப் பின்புறம் இழுத்துப் போனாள். பட்டுச் சேலையோடு எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"இன்னும் எம்மேல கோவமா சாமி?"

"நீ மட்டும் சொல்லாம இருந்திருந்தா நாந்தான் செயிச்சிருப்பேன்."

"நீ செயிச்சிருந்தா நா எங்க போயிருப்பேன், தெரியுமா உனக்கு?"

"எங்கயும் போயிருக்க மாட்டே" என்றேன். இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. "இங்கயே, நம்மூட்லயே இருந்திருப்பே."

அக்காள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. என்னை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, என் புதுச் சட்டை நனைகிற அளவுக்கு அழுதாள். நான் விறைப்பாகவே நின்றேன். தான் செய்த தப்பு இப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. பாவம், போகிற நேரத்தில் ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று, பெரிய மனசு பண்ணி அவளை அங்கேயே மன்னித்துவிட்டேன்.