அமாவாசை அளவுகள்

நார்வேயில் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. தினமும் காலையில் என் மகள் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன். பிறகு மூன்று அளவுகள். ஆண்டுக்கு நான்கு மாதம் காஞ்சிபுரத்தில் இருக்கும்போது, நெசவு செய்யும் என் மச்சான் கன்னியப்பன் கருவியை எடுத்துவந்து ஊர்க்கதை பேசியபடியே அளப்பான். அங்கேயும் மூன்று. எல்லாம் ஒரே நோட்டில்.

அந்த நோட்டைப் புரட்டிய இங்குள்ள செவிலி, "குறைவாக இருப்பது உங்கள் தம்பியுடையதா?" என்று கேட்டார். இல்லை, அதுவும் நான்தான் என்றேன். கனிவாகச் சிரித்து, மறதிப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

என் வழக்கே அந்த வித்தியாசம்தான். ஊரோடு போய்விடுகிறேன் என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "உடம்பு அங்க நல்லா இருக்குதுன்னு கணக்குல காட்டுங்கப்பா, அனுப்பறேன்" என்றாள். புள்ளியியல் துறையில் ஓய்வு பெற்றவனிடம் சொல்லும் பேச்சா இது? கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டேன். ஒரே நாளில் எடுத்த மூன்று அளவுகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவற்றை மூன்று தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. ஆகவே நாள் ஒரு கொத்து. கொத்துக்குக் கொத்து உள்ள ஏற்ற இறக்கத்துக்கு இடம் கொடுத்த பிறகு, ஊருக்கு என்ன பங்கு என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். காஞ்சிபுரம் தெளிவாக வென்றது.

மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஊர்ல ஏன்பா மாசத்துக்கு ஒரு நாள்தான் அளந்திருக்கீங்க?"

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"இன்னா மச்சான் கேள்வி இது? அமாவாசைக்குத்தானே தறிய நிறுத்துறோம். மத்த நாள்ல உன் கைய புடிச்சிக்கினு குந்த எனக்கேது நேரம்?"

"அன்னைக்கு மட்டுமா வந்த?"

"பின்ன? அம்மாம் பெரிய ஆபீசரு, காலண்டரு பாக்க மாட்டியா?"

நான் ஆங்கிலத் தேதி மட்டும் குறித்திருந்தேன். தெருவில் ஒரு தறியும் ஓடாத, வீட்டில் வெங்காயம்கூடச் சேராத, மதியம் எல்லாரும் தூங்கும் நாள் அது. வசதியான நாளில் கணக்கெடுக்காதே என்று கணக்கெடுப்பாளர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். ஊரிலிருந்து இதைப் படிக்கும் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அழுத்தத்தைக் குறைத்தது ஊரா, ஓய்வா? இரண்டும் என் நோட்டில் பிரியாமலே வந்திருக்கின்றன. எந்தக் கணக்கு மாதிரியாலும் பிரிக்க முடியாது.

"தறி ஓடற நாள்லயும் அளந்து பாத்துட்டு வாங்க" என்று மகள் பயணச்சீட்டு எடுத்துவிட்டாள், திரும்பி வருவதற்கும் சேர்த்து.

கணினித் திரையில் என் அழுத்தக் கோடு இரண்டு துண்டாக நிற்கிறது. மேலே நார்வே, கீழே காஞ்சிபுரம். நடுவே, யாரும் அளக்காத இடத்தில், கணினி தானாகவே புள்ளிகள் வைத்து இரண்டையும் இணைத்திருக்கிறது. அந்தப் புள்ளிகளில் நான் எது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.