படியிறங்கும் கால்கள்

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.20. பினாங்கு ஜார்ஜ்டவுனில் மேகமூட்டம், மழையும் இல்லை, காற்றும் இல்லை. என் மகள் தான் இயக்கிய முதல் பாடல் காணொளியை மடிக்கணினியில் ஓடவிட்டாள். அன்று மாலை ஏழு மணிக்கு அது வெளியாக இருந்தது. அக்கரையில் பிறை நகரத் தொழிற்சாலையின் நிரந்தர வேலையை விட்டு அவளுக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இது நன்றாக வந்தால்தான் பாடகர் அடுத்த பாட்டையும் அவளிடம் கொடுப்பார்.

முதல் முறை கேட்டேன். இரண்டாம் முறை எண்ணினேன். மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடியில் நூற்று முப்பத்தொன்பது ஷாட்கள்.

"அப்பா, பாட்டு எப்படின்னு கேட்டேன். கணக்கா கேட்டேன்?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஒரே நாள்ல நடக்கிற கதைக்கு அந்தத் தம்பி எதுக்கு நாலு சட்டை மாத்துது?"

"எல்லா மியூசிக் வீடியோலயும் அப்படித்தான்லா!"

அந்த 'அப்படித்தான்' என்னை யோசிக்க வைத்தது. காற்று பெண்ணின் கூந்தலுக்கு மட்டும் வீசும். கார் நிற்கும், ஓடாது. கடைசியில் வானத்திலிருந்து தெருவைக் காட்டியே தீரவேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டங்கள். பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிகின்றன. நான் சிரித்திருப்பேன். ஆனால் மூன்றாம் முறை ஒன்று புரிந்தது. ஒன்றரை விநாடிக்கு ஒன்றாக ஓடும் ஷாட்கள், பல்லவி வந்ததும் மூன்று விநாடி நிற்கின்றன. காது நிறையும் இடத்தில் கண்ணுக்கு ஓய்வு. அவளும் எண்ணித்தான் வெட்டியிருக்கிறாள்.

நாயகியின் முகம் நாற்பத்திரண்டாவது விநாடியில்தான் வருகிறது. அதற்கு முன் அவள் கால்கள் மழையில் நனைந்த மரப்படியில் கொலுசோடு இறங்குகின்றன. முதலில் கால், பிறகு முகம். இதுவும் ஒரு சட்டம். எங்கள் வீட்டுப் பின்பக்கப் படியில் எடுத்தது. நான்காம் முறை அங்கே நிறுத்தினேன்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு கதையில காலேஜ் படிக்குதுதானே?"

"ஆமா."

"அப்புறம் கால்ல மெட்டி?"

மகள் திரையருகே குனிந்தாள். நடித்த பெண் கல்யாணமானவள். தாலியை நினைவாகக் கழற்றிக் கைப்பையில் வைத்திருந்தாள். மெட்டியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். படம் பிடித்தவர் சீனர், அவருக்கு அது வெறும் மோதிரம்.

"யாரும் கவனிக்க மாட்டாங்கப்பா," என்றாள். குரலில் தெம்பில்லை.

"நம்ம பொம்பளைங்க முதல்ல பாக்குறதே அங்கதான். கீழ கமெண்ட்ல கிழிச்சிருவாங்க."

புக்கிட் மெர்தாஜாம் ஊரிலிருந்த அந்தப் பெண்ணை மகள் போனில் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"அக்கா, மாமியார் வீட்டுல விசேஷம். இங்க மெட்டியக் கழட்டுனா என்னையே வெளிய கழட்டி விட்டுருவாங்க!"

மெட்டி இல்லாத வேறு கால்கள் வேண்டும், உடனே. எனக்கு விடை தெரிந்தது. மகளுக்கு முப்பத்து நான்கு வயது. ஆறு ஆண்டுகளில் பதினொரு வரன் பார்த்துவிட்டேன்.

அவளே தன் காலைப் பார்த்தாள். "என் கால் இருக்கேப்பா. மெட்டி இல்லைன்னு இன்னைக்கு ஒரு நாளாவது சந்தோஷப்படுங்க."

அதே மாதிரிக் கொலுசு தேடி லிட்டில் இந்தியாவில் நான்கு கடை ஏறி இறங்கினேன். மகள் கேமராவைப் படியடியில் நிறுத்தினாள். நான் மேலே நின்று, செடிக்கு ஊற்றும் வாளியால் மழை பெய்வித்தேன். முதல் எட்டு முறையும் அவசரமாக இறங்கினாள். ஒன்பதாம் முறை பாட்டைத் தானே முணுமுணுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். இருபது வயதுப் பெண் வீட்டைவிட்டு எங்கோ ஆசையாகப் புறப்படுவதுபோல் இருந்தது. அவள் எப்போதோ புறப்பட்டுவிட்டாள்; பதினொரு வரனோடு நான்தான் படியிலேயே நின்றிருக்கிறேன்.

காணொளி ஏழு மணிக்கு வெளியானது. மறுநாள் காலை நாற்பத்து மூன்று கருத்துகளையும் படித்தேன். கால்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. செவ்வாயன்று பாடகர் அடுத்த பாட்டை அனுப்பினார். பன்னிரண்டாவது வரனைப் பற்றிப் பேச வந்த தரகரிடம், அவளே சொல்லும்வரை வேண்டாம் என்றேன்.

கொலுசு, போக வர வாடகைக் கார் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது நூற்று எண்பத்திரண்டு மலேசிய வெள்ளி நாற்பது காசு.