தினமும் ரெண்டு பேர்

கணவர் கைபேசியில் ஏதாவது ஒரு காரின் படத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது பின்சீட்டைப் பற்றித்தான். மூன்று வயது மகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவர் சிரிப்பார். எனக்கு மேட்டுப்பாளையத்தில் பார்த்த ஒரு பின்சீட் நினைவுக்கு வரும்.

அப்போது நாங்கள் மலைமேல் ஜெகதளாவில் இருந்தோம். அப்பா கல்யாணங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டார். சக்கரம் வைத்த பெரிய இரும்புப் பெட்டி அது. ஒவ்வொரு தடவையும் யாருடைய ஜீப்பையாவது கேட்டு வாங்கி, பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். அம்மாவுக்குக் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரி ஆபீசில் வேலை. மூன்றாம் வகுப்பு படித்த நான்தான் மாலையில் வந்து வீட்டைத் திறப்பேன். மேகம் இறங்கி எதிர்வீடு மறைந்ததும் ரேடியோவைப் போட்டு, யாராவது இரண்டு பேர் பேசிக்கொள்கிற நிகழ்ச்சியாகத் தேடுவேன். பாட்டு போட்டால் தனியாக இருப்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

அதனால் அப்பா பிக்கப் வாங்கப்போவதாகச் சொன்னபோது என்னைவிட யாரும் சந்தோஷப்பட்டிருக்க முடியாது. ஜெனரேட்டரையும் இழுக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கும் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு.

மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டிகள் விற்கிற இடத்தில் இரண்டு வண்டிகள் காட்டினார்கள். ஒன்றில் முன்னால் இரண்டே சீட். மற்றது டபுள் கேபின். நான் நேராக அதன் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். புத்தகப் பை இந்தப் பக்கம், வீட்டுப்பாடம் அந்தப் பக்கம். அப்பா கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டும்போது நான் இங்கேயே தூங்கிவிடலாம். பூட்டிய வீட்டை இனித் திறக்கவே வேண்டாம்.

"இழுக்கறதுக்கு ரெண்டுமே ஆவுமுங்க" என்றார் விற்பவர். "ஆனா டபுள் கேபின் நீளமுங்க. ஜெனரேட்டரயும் கட்டீட்டு கொண்ட ஊசி வளைவுல திருப்புனீங்கன்னா, உங்களுக்கு முன்னால அது கீழ வந்து சேந்துரும்." அப்பா சிரித்தார். "தினமும் எத்தன பேருங்க போவீங்க?" என்று கேட்டார் விற்பவர்.

"தினமும்னா ரெண்டு பேருதானுங்க" என்றார் அப்பா.

நான் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதால் என்னை எண்ண மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தலையை வெளியே நீட்டி, "மூணு பேருப்பா" என்றேன்.

அப்பா பானட்டைத் திறந்து உள்ளே பார்க்கத் தொடங்கினார்.

"பாப்பாவ எங்கீங்க உக்கார வெப்பீங்க? ஜெனரேட்டர் மேலயா?" என்றார் விற்பவர்.

இடமில்லை என்று என்னை வீட்டிலேயே விட்டுவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது. "நான் அம்மா மடியில உக்காந்துக்குவேன்."

"அப்பறமென்னுங்க, பாப்பாவே முடிவு பண்ணீட்டா."

அம்மா குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஜூன் மாதம் கோயம்புத்தூரில் பள்ளி விடுதியில் என்னைச் சேர்த்தார்கள். என் பெட்டி அந்த இரண்டு சீட் வண்டியின் பின்னால்தான் வந்தது. வண்டி பார்க்கப் போகும் முன்பே அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். தனியாக வீட்டில் கிடப்பதைவிடப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். சரிதான் என்று சில நாள் தோன்றும். மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வரும் நாட்களில் எதுவும் தோன்றாது.

வண்டி வாங்கிய அன்று மலையேறும்போது சொன்னபடியே அம்மா மடியில் உட்கார்ந்திருந்தேன். நான் வளர்ந்துவிட்டிருந்தேன்; கால் தரையில் இடித்தது.

"கால் வலிக்குதாம்மா? நான் எந்திரிச்சு நின்னுக்கட்டுமா?"

"பேசாம உக்காரு கண்ணு."

இரண்டு கைகளையும் என் வயிற்றைச் சுற்றிக் கோத்திருந்தாள். வளைவே இல்லாத இடங்களிலும் பிடியைத் தளர்த்தவில்லை. பாவம், அம்மாவுக்கு மலைப்பாதை என்றால் பயம் என்று நினைத்து, அவள் கைகளின் மேல் என் கைகளை வைத்துக்கொண்டேன்.