பல்லால் கேட்ட சுருதி

ஜெபித்து ஜெபித்து அலுத்துப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி அலுத்துப்போனவன்தான்.

1943-ல், கிறிஸ்துமஸ் விடுமுறையில், தூத்துக்குடிக் கடலில் என் இரண்டு காதும் போயின. அப்போது பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். பௌதிகம் எனக்கு உயிர்.

எங்கள் வீட்டுத் தொழில் சங்கு குளிப்பது. கடலில் இறங்குபவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் படகில் இருந்து பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி அறுவதற்கு எவன் சம்மதிப்பான்? அதனால் அந்த வழக்கம். அப்பாவின் கயிறு என் தாய்மாமன் அந்தோணி கையில் இருந்தது. விடுமுறைகளில் நானும் மூழ்கிப் பழகியவன்தான்; அப்பா நெஞ்சு வலியில் படுத்ததும் அவருக்குப் பதில் நான் இறங்கினேன். எனக்கோ கடும் சளி.

"மூக்கு அடச்சிக் கெடக்குல மாப்ள, இன்னைக்கு வேண்டாம்" என்றார் மாமா.

சளியோடு மூழ்கினால் காது கிழியும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் இல்லாமல் படகு சும்மா கிடக்குமே என்று இறங்கிவிட்டேன். மேலே வந்தபோது இரண்டு காதிலும் ரத்தம். மாமாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

இன்னொரு தரம் மூழ்கினால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காது அருகே வந்து கத்தினால்தான் ஏதோ கேட்கும். மாமா அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. தன் கையில் இருந்த கயிறு என்னைக் காக்கவில்லையே என்று அவருக்கு வேதனை. பரீட்சையில் தேறாவிட்டால் எனக்குக் கடலும் இல்லை, படிப்பும் இல்லை. அம்மா என்னைப் பார்த்துப் பார்த்து அழுவாள்.

பாடத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். செய்முறைப் பரீட்சைக்கு என்ன செய்வது? "சர்வேசுரா, காதைத் திருப்பிக் கொடும். மனமில்லையென்றால் சத்தம் சம்பந்தப்பட்ட சோதனை மட்டும் எனக்கு வராமல் பாரும்" என்று தினமும் முழங்காலில் நின்றேன். காது திரும்பவில்லை. பரீட்சையன்று சீட்டை எடுத்துப் பிரித்தேன். சோனாமீட்டர்.

அது உள்ளே வெற்றான ஒரு மரப்பெட்டி. மேலே இழுத்துக் கட்டிய கம்பி. இரும்பு இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைப் பெட்டிமேல் ஊன்றி, கவையும் கம்பியும் ஒரே சுருதியில் சேரும்வரை கம்பியின் நீளத்தை மாற்ற வேண்டும். காது உள்ளவனுக்குப் பச்சைத் தண்ணீர் குடிப்பது போல. சுருதி சேர்ந்தால் கம்பியில் மடித்துப் போட்ட காகிதத் துண்டு துள்ளி விழும். அதையாவது கண்ணால் பார்க்கலாம் என்றால், ஜன்னல் காற்று அதைப் போடப் போடத் தள்ளியது. எதற்காக விழுகிறதென்றே தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

கவையை ஒரு தட்டுத் தட்டிப் பெட்டிமேல் ஊன்றினேன். மனதுக்குள் மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த ஜெபம் தொடங்கினேன். பாதியில் வார்த்தை வரவில்லை. மாதாவே, என்னைக் கைவிட்டுவிட்டாயே என்று தலை தானாகப் பெட்டிமேல் கவிழ்ந்தது.

தாடை மரத்தில் பட்டது. கவை பாடியது!

கடலடியில் எனக்குத் தெரிந்த சத்தம்தான் அது. மேலே வர நேரமானால் மாமா படகின் பக்கப் பலகையைக் கல்லால் தட்டுவார். அந்தச் சத்தம் காது வழியாக வராது. மண்டையில் வரும், பல்லில் வரும். அதே வழியில் இப்போது கவை வந்தது. கம்பியைச் சுண்டினேன். இரண்டு ஓசையும் சேராமல் விம்மி விம்மி அதிர்ந்தன. நகர்த்த நகர்த்த விம்மல் குறைந்து, கடைசியில் ஒன்றாக நின்றது. என் கண்ணீர் பெட்டியில் சொட்டியது.

தோளை யாரோ தொட்டார்கள். பரீட்சை வாத்தியார். கூப்பிட்டிருப்பார், எனக்குக் கேட்கவில்லை. என் காது அருகே குனிந்து, "என்னப்பா, தூக்கமா?" என்று கத்தினார்.

"இல்ல சார், கேட்டுக்கிட்டு இருக்கேன்."

என் காதையும் தாடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய் என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். காகிதத்தைப் போட்டு மறுபடி கவையை ஊன்றினேன். துள்ளி விழுந்தது.

தேறிவிட்டேன் என்று தெரிந்த அன்று மாமா வீட்டுக்கு வந்தார். கையில் அந்தக் கயிறு. என் காது அருகே வாயை வைத்து, "இத இனி எவனுக்கும் பிடிக்க மாட்டேன்லே, கோயில் மணிக்குக் குடுத்துருதேன்" என்றார். இருவரும் சேர்ந்துபோய்க் கட்டினோம்.

பிறகு கல்லூரியில் சோதனைச் சாலையிலேயே எனக்கு வேலை கிடைத்தது. காது கிடைக்கவில்லை. கேட்டதைத் தரவில்லையே என்று சர்வேசுரனிடம் இப்போது நான் சண்டை போடுவதில்லை. உங்களுக்கும் பதில் வராதது போல இருக்கலாம். ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம், பூசை மணி அடிக்கும் நேரத்தில் அந்தக் கயிற்றில் கை வைத்து நிற்பேன். ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியும்.