பியானோவுக்கு ஓர் அனுமதி

வீட்டு ஒழுங்குவிதிகள், ஏழாம் பிரிவு: வாத்தியம் வாசிக்க நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் உண்டு. மதிய ஓய்வு நேரமும் இரவும் மட்டும் விலக்கு. விண்ணப்பம் தேவையில்லை. டுசல்டோர்ஃப் நகரில் எங்கள் கட்டடத்தில் அந்த விதிகளைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தவன் நான் ஒருவன்தான். அதுதான் கேடாய்ப் போனது.

எதிர்வீட்டில் இருந்தவர் ரஷ்யாவிலிருந்து வந்த இசையமைப்பாளர், எழுபத்தெட்டு வயது, தனியாள். அவர் வாசித்ததை இசை என்று ஒப்புக்கொள்ள எனக்கே ஒரு வருடம் எடுத்தது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பார். பிறகு முழங்கையால் பத்துக் கட்டைகளை ஒன்றாக அமத்துவார். பிறகு நெடுநேரம் ஒன்றுமிராது. அந்த ஒன்றுமில்லாததையும், எத்தனை எண்ணும் வரை என்று தாளில் குறித்து வைத்திருந்தார். அவருடைய ஊரில் இசைச் சங்கக் குழுவொன்று, அவர் எழுதியதையெல்லாம் "இது இசையல்ல" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததாம். மற்றவர்களின் இசைத்தாள்களைப் பிரதியெடுத்துச் சீவித்தார்.

2006 வசந்தத்தில் அவர் தன் கடைசி ஆக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "விரல்கள் நிற்பதற்குள் இதை ஒருதரம் முழுதாகக் கேட்டுவிட வேண்டும்," என்றார்.

அப்போதுதான் கீழ்வீட்டு அம்மையார் முறைப்பாடு செய்தார்: ஏழாம் பிரிவு இசைக்கு உரியது, இது இசையல்ல.

எனக்கு உற்சாகம் பிறந்தது. ஊரில் அரசாங்க எழுதுவினைஞனாகவும் இங்கே மருத்துவமனைப் பதிவேட்டறையிலும் காலம் கழித்தவனுக்கு இதைவிட நல்ல வழக்குக் கிடைக்குமா? இது இசைதான் என்று எழுத்தில் முடிவு தரும்படி கட்டட நிர்வாகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். "பதில் வரும்வரை வாசிக்க வேண்டாம், வாசித்தால் எங்கள் பக்கம் பலவீனப்படும்," என்று அவரிடம் சொன்னேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பியானோவின் மூடியைச் சாத்தினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் மனைவிக்கு உறைத்தது.

"இஞ்சாருங்கோ, உந்த மனுசன் வாசிச்சா ஆர் வந்து பிடிச்சுக்கொண்டு போகப் போறாங்கள்?"

"முடிவு வரட்டும்."

"உங்களுக்கு மூச்சு விடவும் ஒரு அன்ட்ராக், ஒரு விண்ணப்பம் எழுத வேணும். அந்தாள் குசினி மேசையில விரலால தட்டிக்கொண்டிருக்குது. பாத்தனீங்களே?"

பார்த்தேன். தாள்களைச் சமையலறை மேசையில் விரித்து, சத்தம் வராமல் தட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நினைவூட்டல் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோடை முடிய இன்னொன்று.

செப்டம்பரில் அவருக்கு வலது கை எழவில்லை. தாள்களைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லை. நிசப்தங்கள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன."

ஒக்டோபர் பதினைந்தாம் திகதி இறந்தார். மருத்துவமனைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் 'இசையமைப்பாளர்' என்று எழுதினேன். அதற்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

உறவென்று யாரும் வராததால் என் மனைவி எங்கள் முறைப்படி நாளெண்ணி, முப்பத்தோராம் நாள் அவருக்காகச் சமைத்தாள். அவள் இலை போட்டுக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. இரண்டே வரி: ஏழாம் பிரிவின்படி அவர் தாராளமாக வாசிக்கலாம். இதற்கு அனுமதி கேட்டிருக்கத் தேவையில்லை.

அன்று நவம்பர் பதினான்கு.